தென்னாப்பிரிக்காவில் மலிவாக ஒரு மடக்குக் கத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்போவது சட்டைப்பையில் மடித்து வைக்கிற சின்னக் கத்தியைப் பற்றி மட்டும். சமையலறைக் கத்தி, அரிவாள், வேட்டைக் கத்தியெல்லாம் வேறு கதை. செலவு சில நூறு ராண்டுக்குள். கேட்பவர்களில் பாதிப் பேர் ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த், டொங்காட் என்று டர்பனைச் சுற்றி இருப்பவர்கள்; மீதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்தவர்கள். ஊரைப் பொறுத்துப் பதில் கொஞ்சம் மாறும். மாறுகிற இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எதை வாங்கட்டும்?

அலுவலகம், கடை, கார், வீடு என்று இருப்பவருக்கு சுவிஸ் கம்பெனியான விக்டோரினாக்ஸின் சின்ன சிவப்புக் கத்திகளில் ஏதாவது ஒன்று. பழம் நறுக்குவது, பிக்னிக், பிராய் (வெளியில் கரியடுப்பில் இறைச்சி சுடுவது) என்று சாப்பாட்டுப் பக்கமே அதிகம் என்றால் பிரெஞ்சுக் கத்தியான ஓப்பினெலில் 6 அல்லது 8 (எண் அளவைக் குறிப்பது), துருப்பிடிக்காத வகை. தோட்டம், பட்டறை என்றால் இங்கேயே செய்யும் மரப்பிடிக் கத்தியான ஓகாப்பி. ஆனால் அது அங்கேயே இருக்கட்டும். நகரத்துக்குள் பையில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டாம். ஏன் என்பது கீழே வருகிறது.

இந்த விலையில் எல்லாக் கத்தியும் வெட்டும். தீட்டினால் எல்லாமே கூராகும். அதனால் எது நன்றாக வெட்டும் என்று அலைவதைவிட, அதை எங்கே எடுத்து நீட்டப்போகிறோம், பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்து என்ன நினைப்பார் என்று யோசிப்பது நல்லது. இந்த நாட்டில் அதுதான் பெரிய விஷயம்.

பையில் கத்தி வைத்துக்கொண்டு நடப்பது சட்டப்படி குற்றமா?

வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. இத்தனை அங்குலத்துக்கு மேல் கூடாது என்று அளவும் சொல்லவில்லை. இப்போது நடப்பில் இருப்பது 2013ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதங்கள் சட்டம். 1968இல் வந்த பழைய சட்டத்தை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கியைத் தவிர, தவறான காரியத்துக்குப் பயன்படுத்தினால் உயிருக்கோ உடம்புக்கோ பெரும் தீங்கு செய்யக்கூடிய எந்தப் பொருளும் இதன்படி ஆபத்தான ஆயுதம்தான். அப்படிப் பார்த்தால் சுத்தியலும் இதில் வரும், பேனாக்கத்தியும் வரும்.

வம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்றால், அந்தப் பொருளைத் தவறான காரியத்துக்கு வைத்திருக்கிறார் என்று நியாயமான சந்தேகம் வரும்படியான சூழ்நிலையில் நீங்கள் பிடிபடும்போது. எந்த இடம், என்ன நேரம், நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள், யாரையாவது மிரட்டினீர்களா, கத்தியை எப்படி வைத்திருந்தீர்கள், போதைப்பொருள் விற்பனையோ கும்பல் தொடர்போ உண்டா, கேட்டபோது என்ன விளக்கம் சொன்னீர்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். குற்றம் உறுதியானால் அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை. வேலைக்காக வைத்திருப்பது, சமயச் சடங்கு, பண்பாட்டு நிகழ்ச்சி, விளையாட்டு, பொழுதுபோக்கு, சேகரிப்பு இதற்கெல்லாம் விலக்கு உண்டு.

நடைமுறையில் சொன்னால், மதியம் பூங்காவில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருக்கிறவரிடம் இருக்கும் கத்தியும், இரவு 11 மணிக்கு மதுக்கடை வாசலில் ஒருவர் இடுப்பில் செருகியிருக்கும் அதே கத்தியும் ஒன்றல்ல. ஊர்வலம், ஆர்ப்பாட்டம், போராட்டக் கூட்டம் என்றால் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கூட்டங்களுக்கென்று 1993இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, அதில் ஆபத்தான ஆயுதத்துக்கு இடமில்லை. நான் வக்கீல் இல்லை. சிக்கல் வந்துவிட்டால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

பாதுகாப்புக்காக வாங்கலாமா? திருட்டு பயம் அதிகமாக இருக்கிறதே.

கூடாது. வழிப்பறிக்காரர்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, வெறுங்கையோடும் வருவதில்லை. மூன்று அங்குலக் கத்தியைத் தேடி எடுத்து, நகத்தால் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். திறந்துவிட்டீர்கள் என்றால் இன்னும் மோசம். ஃபோனைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். போலீஸ்காரர் "இது எதற்கு?" என்று கேட்கும்போது "பாதுகாப்புக்கு" என்று சொல்வதும் உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ளும் சூனியம். இந்தப் பக்கத்தில் உள்ள எந்தக் கத்தியையும் அந்த நோக்கத்தோடு நான் சொல்லவில்லை.

ஓகாப்பி நம்ம ஊரில் செய்வது, விலையும் குறைவு. அதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

கத்தியைக் குறை சொல்லவில்லை. அதன் பெயர்தான் கெட்டுப்போயிருக்கிறது.

ஓகாப்பியின் கதை விசித்திரமானது. 1902இல் ஜெர்மனியில், ஆப்பிரிக்காவில் இருந்த அவர்களுடைய காலனிகளுக்கு ஏற்றுமதி செய்வதற்காக ஆரம்பித்த சரக்கு இது. காங்கோ காட்டில் வாழும் ஒட்டகச்சிவிங்கி இனத்து விலங்கின் பெயர்தான் ஓகாப்பி. அந்த விலங்கை அறிவியல் உலகம் பெயரிட்டு அறிந்துகொண்டது அதற்கு முந்தைய ஆண்டு, 1901இல். புதுப் பெயர் சூடாக இருக்கும்போதே கத்திக்கு வைத்துவிட்டார்கள். 1988இல் தென்னாப்பிரிக்கக் கம்பெனி ஒன்று வணிகப் பெயரையும் தயாரிப்புக் கருவிகளையும் சேர்த்து வாங்கியது. அதற்குப் பிறகு தயாரிப்பு இங்கேதான், நம்ம குவாசூலு-நட்டாலில் உள்ள இசித்தேபேயில்.

கையில் எடுத்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்த மரப்பிடி, அதில் பதித்த பிறையும் நட்சத்திரங்களும். முதுகுப் பக்கம் ஒரு சின்ன வளையம் தொங்கும். அலகைத் திறக்கும்போது கடக், கடக், கடக் என்று பல்லுப் பல்லாக ஏறும். வளையத்தைத் தூக்கினால்தான் பூட்டு விடும், பிறகு மடக்கலாம். அலகு நான்கு அங்குலத்தை ஒட்டி இருக்கும், மெல்லியது, சாதாரண கார்பன் எஃகு. புதிதாக வாங்கும்போதே அலகு இப்படியும் அப்படியும் லேசாக ஆடும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அதன் சுபாவமே அப்படி. அரை மணி நேரம் கல்லில் தேய்த்தால் சவரம் செய்யும் அளவுக்குக் கூர் ஏறும். விவசாயியும் தோட்டக்காரரும் மீனவரும் தலைமுறை தலைமுறையாக இதை வைத்திருப்பது சும்மா இல்லை.

ஆனால் அந்த "கடக் கடக்" சத்தம் இங்கே பல பேருக்குக் கத்திக்குத்துச் செய்தியைத்தான் நினைவுபடுத்தும். டவுன்ஷிப் ரௌடித்தனம், கும்பல் சண்டை என்று வந்தால் ஓகாப்பி பெயரும் கூடவே வரும். கடல் தாண்டி ஜமைக்காவிலும் இதே கத்திக்கு இதே கெட்ட பெயர். டாக்ஸி நிலையத்தில் ஆரஞ்சுப் பழம் உரிக்க இதைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவார். சட்டம் சூழ்நிலையைப் பார்க்கும் என்று மேலே சொன்னேனே, அந்தச் சூழ்நிலையைப் பாதி இந்தக் கத்தியே உண்டாக்கிவிடும். எனக்கு ஓகாப்பி மிகவும் பிடிக்கும். என்னுடையது தோட்டத்து ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது, வாழை இலை அறுப்பதும் கீரைக்கட்டு அறுப்பதும் அதுதான்.

பூட்டு இருக்கிற கத்தி வேண்டுமா, இல்லாதது போதுமா?

அட்டைப்பெட்டி பிரிப்பது, நூல் அறுப்பது, பழம் நறுக்குவது இதற்கெல்லாம் பூட்டு தேவையே இல்லை. விக்டோரினாக்ஸ் சிவப்புக் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்கு முதுகில் ஒரு வில் மட்டும்தான். அலகு நிற்பதும் மடங்குவதும் அந்த வில்லின் அழுத்தத்தால். அழுத்திக் குத்தும்போதோ முனையால் துளை போடும்போதோ அது மடங்கி விரலில் விழலாம். அந்த வேலை அடிக்கடி வரும் என்றால் பூட்டுள்ளதை வாங்குங்கள்.

மலிவான கத்தியில் ஆடிப்போன பூட்டு இருப்பதைவிடப் பூட்டே இல்லாதது மேல். பூட்டு இல்லை என்று தெரிந்தால் கை தானாகவே ஜாக்கிரதையாக இருக்கும்.

டர்பன் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிறது. எந்த எஃகு தாங்கும்?

கேட்க வேண்டிய கேள்வி இது. கடலோரத்தில் காற்றிலேயே உப்பும் ஈரமும் இருக்கிறது. கோடையில் வியர்வையும் சேரும். உள்நாட்டில் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் மாதக்கணக்கில் துடைக்காமல் வைத்தாலும் ஒன்றும் ஆகாத கார்பன் எஃகு, உம்லோட்டியிலோ அமன்சிம்டோட்டியிலோ ஓரிரு நாளில் செம்புள்ளி காட்டிவிடும்.

கார்பன் எஃகு சீக்கிரம் தீட்டப்படும், கூரும் நன்றாக ஏறும், ஆனால் துரு பிடிக்கும். எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்துவிட்டுத் துடைக்காமல் பேசிக்கொண்டிருந்தால், திரும்பிப் பார்க்கும்போது அலகில் நீலமும் சாம்பலுமாகக் கறை படர்ந்திருக்கும். அந்தக் கறை கெடுதல் இல்லை, நாளாக நாளாக அலகு முழுக்கப் படிந்து ஓரளவு துருவைத் தடுக்கவும் செய்யும். செம்பழுப்பாகப் பொடிப்பொடியாக வருவதுதான் துரு. அதைத் தேய்த்து எடுத்தே ஆக வேண்டும். இன்னொன்று, புது கார்பன் அலகில் புளிப்பான பழம் நறுக்கினால் பழத்தில் இரும்பு வாசனை ஏறும். மாம்பழத்தில் அது நன்றாகவே தெரியும்.

துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் அதிகம். ஓப்பினெலின் துருப்பிடிக்காத வகையும் விக்டோரினாக்ஸும் இந்தக் கடற்கரைக்குச் சரியாகப் பொருந்தும். விக்டோரினாக்ஸ் எஃகு கொஞ்சம் மென்மையானது, கடினத்தன்மை ராக்வெல் அளவில் 56 வாக்கில். அதனால் கூர் சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் திரும்பவும் வரும்.

சீனக் கத்திகளில் டி2 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். நல்ல எஃகுதான், கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் அதிலுள்ள குரோமியத்தில் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடாகிவிடுவதால், துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு. ஜோகன்னஸ்பர்க்காரர் வாங்கட்டும். கடலோரத்துக்காரருக்கு 8சிஆர்13எம்ஓவி என்ற எஃகு போட்டிருப்பது பரவாயில்லை, தினமும் துடைத்தால் போதும்.

ஓப்பினெல் வாங்கினேன். மழைக்காலத்தில் திறக்கவே மாட்டேன் என்கிறது. சரக்கு மோசமா?

சரக்கு நல்லதுதான். பிடி மரம் ஈரத்தைக் குடித்து ஊதியிருக்கிறது. அலகு உட்காரும் பிளவு நெருங்கிப்போய் அலகைக் கவ்விக்கொள்ளும். டர்பனில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை இந்தப் புகார் வராத வருஷம் இல்லை.

பிரான்ஸில் சவாய் மலைப்பக்கத்தில் 1890இல் ஜோசஃப் ஓப்பினெல் என்பவர் ஆரம்பித்த கத்தி இது. அந்த ஊர்க்காரர்களே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். மேலே உள்ள இரும்பு வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்புங்கள். கத்தியைக் கையில் பிடித்து, பிடியின் பின்முனையை மேசை ஓரத்திலோ மரக்கட்டையிலோ ஒரு தட்டுத் தட்டுங்கள். அலகின் முனை வெளியே எட்டிப்பார்க்கும், அதைப் பிடித்துத் திறக்கலாம். வளையம் பூட்டிய நிலையில் இருக்கும்போது தட்டினால் ஒன்றும் வராது. அலகு வரும் பாதையில் விரல் இருக்கக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிரந்தரத் தீர்வு வேண்டுமா? நன்றாகக் காய்ந்த ஒரு நாளில் பிளவின் உட்பக்கச் சுவரை மடித்த உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பிறகு லின்சீட் எண்ணெயை மரம் குடிக்கும்வரை தடவித் துடைத்து, இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். அதிகம் தேய்த்துவிட்டால் குளிர்காலத்தில் மரம் சுருங்கும்போது அலகு தளதளவென்று ஆடும். கொஞ்சமாகத் தேய்த்து மடக்கிப் பாருங்கள், பிறகு இன்னும் கொஞ்சம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். லின்சீட் எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள்.

அந்த இரும்பு வளையத்தை 1955இல்தான் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் ஓப்பினெலுக்குப் பூட்டே கிடையாது.

எந்த நீளம்?

ஓப்பினெல் 6 என்றால் அலகு 7 செ.மீ., 8 என்றால் 8.5 செ.மீ. கை சின்னதாக இருந்தால் 6, இல்லையென்றால் 8. பேன்ட் பையில் உட்கார்ந்தால் குத்தாத நீளம்தான் சரியான நீளம். சாவிக்கொத்தில் தொங்கவிட 58 மி.மீ. விக்டோரினாக்ஸ் கிளாசிக் இருக்கிறது. அதில் கத்தியைவிடக் கத்தரிக்கோல்தான் அதிகம் வேலை செய்யும்.

கைப்பையில் வைத்துக்கொள்ள ஒன்று வேண்டும். பார்த்தால் யாரும் பயப்படக்கூடாது.

அதே கிளாசிக்தான். கத்தரிக்கோல், நக அரம், முள் எடுக்கும் குறடு, பல்குச்சி எல்லாம் உண்டு. புடவையில் தொங்கும் நூல், மருந்து அட்டை, பிள்ளையின் காலில் தைத்த முள், அர்ச்சனைத் தட்டில் பிரிக்க வராத கற்பூரப் பாக்கெட் எல்லாவற்றுக்கும் இதுவே போதும். அக்கா, இதைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். "கொஞ்சம் கொடுங்கள்" என்று வாங்கிப்போய்த் திருப்பித் தராமல் விடுவார்கள் என்பதுதான் பயம்.

சந்தையில் அடுக்கி வைத்திருக்கும் பெயர் தெரியாத கத்திகள்? பாதி விலைதானே.

எல்லாமே குப்பை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. ஆன்லைனில் படம் பார்த்து வாங்குவது இந்த விலையில் சூதாட்டம்.

கடையில் நின்றபடியே பார்க்க வேண்டியவை இவை. மூடிய கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முனையைப் பாருங்கள். முனை பிடிக்குள் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். துளி வெளியே தெரிந்தாலும் ஒரு வாரத்தில் பேன்ட் பை கிழியும், அடுத்த வாரம் விரல். அலகு நடுவில் உட்கார்கிறதா, ஒரு பக்கத் தகட்டை உரசுகிறதா என்றும் பாருங்கள்; உரசினால் தீட்டிய கூர் ஒவ்வொரு முறை மூடும்போதும் கெடும். பிறகு திறந்து, அலகின் நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மேலும் கீழும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருந்தால் அலகு மாட்டியிருக்கும் ஆணியை முறுக்கிச் சரிசெய்யலாம். மேலும் கீழுமான ஆட்டம் இருந்தால் பூட்டு சரியாகப் பொருந்தவில்லை, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆணி தலை முறுக்கக்கூடியதா, அடித்துப் பதித்ததா என்பதையும் கவனியுங்கள்.

அலகின் மேல் "ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் போட்டு எந்த எஃகு என்று போடவில்லையென்றால், பெரும்பாலும் அது மிக மென்மையான மலிவு எஃகு. இரண்டு அட்டைப்பெட்டி பிரித்ததும் மழுங்கும். மண்டை ஓடு, வௌவால், ரத்தச் சிவப்பில் எழுத்து, கறுப்பு அலகு, பாதி ரம்பப் பல் இதெல்லாம் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இவை வேலைக்குச் செய்தவை இல்லை, பார்வைக்குச் செய்தவை. அந்தப் பார்வைதான் போலீஸ் சோதனையில் உங்களுக்கு எதிராக நிற்கும். பட்டனை அழுத்தினால் தானாகத் திறக்கும் வகையையும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

சுவிஸ் கத்தியின் போலிகளும் இதே மேசையில் இருக்கும். சிவப்பு நிறம், ஏறக்குறைய அதே சிலுவை. அசலில் அலகின் அடிப்பாகத்தில் பெயரும் சுவிஸ் தயாரிப்பு என்பதும் பொறித்திருக்கும். ஒவ்வொரு கருவியும் திறக்கும்போதும் மூடும்போதும் "டக்" என்று திடமாக நிற்கும். தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியாது. போலியில் கத்தரிக்கோலின் வில்லைப் பார்த்தாலே போதும், காகிதம் வெட்டாமல் மடிக்கும்.

பல கருவிகள் உள்ள பிளையர் வகை வாங்கினால் எல்லாம் ஒன்றாக முடிந்துவிடுமே?

மலிவு பிளையரின் தாடை முதல் இறுக்கத்திலேயே கோணும். இந்தச் செலவுக்கு ஒரு கத்தியும் வண்டியில் ஒரு நல்ல பிளையரும் தனித்தனியாக வாங்கலாம்.

மீன்பிடிக்க எது?

மடக்குக் கத்தியே வேண்டாம். சார்டின் மீனை இரைக்குத் துண்டு போட்டால் செதிலும் ரத்தமும் மணலும் மடிப்புக்குள் போய் உட்காரும். எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகாது, உப்பு உள்ளே இருந்தபடி அரிக்கும். பிளாஸ்டிக் பிடியும் பிளாஸ்டிக் உறையும் உள்ள மடங்காத கத்தியைச் சாமான் பெட்டியில் போடுங்கள். ஸ்வீடன் மோராவின் துருப்பிடிக்காத வகை கிடைத்தால் அதுவே போதும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும்.

ஓகாப்பிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், கடலுக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் மடிப்பில் நல்ல தண்ணீரைப் பாய்ச்சி, வெயிலில் திறந்து வைத்து, எண்ணெய் விடுங்கள். அக்டோபர், நவம்பரில் ஷாட் என்ற மீனைப் பிடிக்கத் தடை. பெட்டியைக் காலி செய்து கத்திகளைத் தீட்டி வைக்க அந்த இரண்டு மாதம் வசதி.

புரட்டாசி விரதத்தில் அதே கத்தியைப் பயன்படுத்தலாமா?

இங்கே பல வீடுகளில் புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது, பாத்திரத்தையே தனியாக எடுத்து வைப்பார்கள். பில்டோங் (உப்பிட்டு உலர்த்திய இறைச்சி) சீவிய கத்தியால் சாமிக்குப் பழம் நறுக்கினால் பாட்டி சும்மா விடுவாரா? மலிவுக் கத்தியின் வசதி இங்கேதான்: இரண்டு ஓப்பினெல் வாங்கி, ஒன்றின் பிடியில் மஞ்சள் நூல் சுற்றிவிடுங்கள். நூல் சுற்றியது சைவம். காவடிக்குப் போகும்போதும் அதையே எடுத்துப்போகலாம். எலுமிச்சை மாலை கோக்க, மாலை நூல் அறுக்க, வாழைநார் கிழிக்க, பால்குடத்து வாயில் கட்டிய துணியை அவிழ்க்க என்று யாராவது ஒருவர் கத்தி கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

எப்படித் தீட்டுவது? சாணை பிடிப்பவர் இப்போது வருவதே இல்லை.

வந்தாலும் சின்னக் கத்தியை அவரிடம் கொடுக்காதீர்கள். வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய அலகு சூடேறி, ஓரம் நீலம் பூத்தால் அந்த இடம் மென்மையாகிவிடும். அப்புறம் கூர் நிற்காது.

ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் நைசுமாக உள்ள சாணைக்கல் வாங்குங்கள். கல்லை நனைத்து ஈரத்துணி மேல் வையுங்கள், நகராது. அலகை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதுதான் எல்லோருக்கும் குழப்பம். ஒரு காகிதத்தின் மூலையை எடுங்கள், அது 90 பாகை. அதைப் பாதியாக மடித்தால் 45, இன்னும் ஒரு மடிப்பு மடித்தால் இருபத்திரண்டு சொச்சம். அந்த மடிப்பைக் கல்லின் மேல் வைத்து அலகை அதன் மேல் சாய்த்துப் பாருங்கள், பிறகு காகிதத்தை எடுத்துவிட்டு அதைவிட ஒரு மயிரிழை தாழ்த்துங்கள். அந்தச் சாய்வு மாறாமல் அடியிலிருந்து முனைவரை இழுக்க வேண்டும். வேகம் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம்.

ஒரு பக்கமே தேய்த்துக்கொண்டிருந்தால் எதிர்ப்பக்கத்து ஓரத்தில் மெல்லிய பிசிறு எழும். அலகின் குறுக்கே, முதுகிலிருந்து ஓரத்தை நோக்கிக் கட்டைவிரலை மெதுவாக நகர்த்தினால் அது தட்டுப்படும். ஓரத்தின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டக்கூடாது. முழு நீளத்துக்கும் பிசிறு எழுந்த பிறகே மறுபக்கத்துக்குத் திருப்புங்கள். பெரும்பாலானவர்கள் பிசிறு எழுவதற்கு முன்பே திருப்பித் திருப்பித் தேய்த்துவிட்டு "எனக்கு வரவில்லை" என்பார்கள். கரட்டுப் பக்கத்தில் இரண்டு புறமும் முடிந்ததும் நைஸ் பக்கத்தில் அதையே லேசாகச் செய்யுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில், நாவிதர் வாரில் சவரக்கத்தியை இழுப்பது போல, அலகின் முதுகு முன்னால் போகும்படி பத்துப் பதினைந்து இழுப்பு. பழுத்த தக்காளியின் தோலில் கத்தியைச் சும்மா வைத்து இழுத்தால் தானே இறங்க வேண்டும். அமுக்க வேண்டியிருந்தால் இன்னும் பிசிறு மிச்சமிருக்கிறது.

கல் கைவசம் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு பூசாத வளையத்தில் நாலு தேய்ப்பு. பிராயில் இருக்கும்போது அது போதும்.

என்ன எண்ணெய் விடுவது?

சாப்பாட்டுக்குப் பயன்படுத்தும் கத்தி என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். மற்றவற்றுக்குத் தையல் மெஷின் எண்ணெய். துணி ஆலைகளுக்கு வேலைக்குப் போன வீடுகளில் இன்னும் ஒரு குப்பி எங்காவது கிடக்கும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வேண்டாம்; நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகி மடிப்பை ஒட்டவைக்கும், தேங்காயெண்ணெய் குளிரில் உறைந்துவிடும்.

பையன் ஒன்று கேட்கிறான். பள்ளிக்கு எடுத்துப்போகலாமா?

பள்ளி வளாகத்துக்குள் ஆபத்தான பொருள் எதுவும் கூடாது என்று அரசு விதியே இருக்கிறது. ஆப்பிள் நறுக்கத்தான் என்று சொன்னாலும் எடுபடாது. வீட்டில், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க, முனை மழுங்கிய சின்ன ஓப்பினெல் கொடுத்துப் பழகச் சொல்லுங்கள். சிறுவர்களுக்கென்றே உருண்டை முனையோடு ஒரு வகை செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை பையை நீங்களே ஒரு தடவை திறந்து பாருங்கள், திங்கள்கிழமை காலை இன்னொரு தடவை.

விமானத்தில்?

பெட்டிக்குள் போட்டு செக்-இன் செய்யுங்கள். கைப்பையில் இருந்தால் கிங் ஷாகாவிலும் ஓ.ஆர். டாம்போவிலும் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிக் கத்திதான் அதிகம் பறிபோவது, ஏனென்றால் அது அங்கே இருப்பதையே மறந்திருப்போம். விமான நிலையம் கிளம்பும் முன் சாவிக்கொத்தைக் கழற்றி வீட்டில் வையுங்கள். சென்னைக்கோ கொழும்புக்கோ பரிசாக எடுத்துப்போவதும் அடிப்பெட்டியில்தான்.

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்கிறார்களே?

நம்ம வீடுகளில் கூரான பொருளைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள், மேசையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். இங்கே வேறு சமூகத்தினரிடமும் கத்திக்குப் பதிலாக ஒரு சில்லறைக் காசு வாங்கிக்கொள்ளும் பழக்கம் உண்டு. காசு கொடுத்துவிட்டால் அது பரிசு இல்லை, விலைக்கு வாங்கியது. ஒரு ராண்ட் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கத்தியை மூடிய நிலையில் மேசையில் வையுங்கள். கூடவே ஒரு சின்னச் சாணைக்கல்லும் வைத்துக் கொடுத்தால் வாங்கியவர் வருஷக்கணக்கில் அதைப் பயன்படுத்துவார்.